பார்க்க மட்டும்

இருநூற்றுப் பன்னிரண்டாம் வரியின் கீழே
மறுபடி சிவப்பு நெளிகிறது.
நவம்பர். ஓலெசுண்ட் துறைமுகத்தில்
மதியம் மூன்றரைக்கே இருட்டிவிட்டது.
யோருன் காபியைக் குடிக்காமல் பிடித்திருக்கிறாள்.

"காட் ஒரு மீன்," என்கிறாள் திரையிடம்.
ஆமாம், என்கிறது கம்பைலர்.
"அப்படியானால் காட் பெட்டி, மீன் பெட்டி."
இல்லை.

இதற்கு மேல் அது பேசாது.
இடத்தைச் சுட்டுவதோடு அதன் வேலை முடிந்தது.

பெட்டியைச் செய்தவளும் அவள்தான்.
போன வசந்தத்தில்,
எந்தெந்த மீன் வருமென்று யாருக்கும் தெரியாதபோது
மீனின் இடத்தில் ஓரெழுத்தை வைத்தாள்: டி.
(நம் காதுக்கு அது யாரையோ
உரிமையோடு கூப்பிடுவது போலிருக்கும்.
அங்கே அது 'யாதோ ஒன்று', அவ்வளவே.)
யாதோ ஒன்று உள்ளே போகும்,
போன அதுவே வெளியே வரும்.
ஒரு பெட்டி எழுதினால் போதும்,
காட், சால்மன், ஹெர்ரிங்,
இனிமேல் வலையில் விழப்போகும் எதற்கும்.

நமக்கு இது புதிதில்லை.
'மீன் வந்தான்' என்று ஒருவன் எழுதினால்
படகு கரை சேருமுன்பே
காது பிடித்துக்கொள்கிறது: திணை வழு.
மீனை யாரும் பார்க்கவில்லை;
வாலில் ஒட்டிய விகுதியைப் பார்த்தே
வாக்கியத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறோம்.

கீழே குளிர்தளத்தில் ஒட்வார்
லேபிளுக்குக் காத்திருக்கிறான்,
போலந்து போகும் லாரி எஞ்சினை அணைக்காமல் நிற்கிறது.
இரண்டு முறை போன் அடித்தது.
மூன்றாவதற்கு அவள்
கோண அடைப்பு இரண்டையும் அழித்தாள்.
இப்போது அது வெறும் பெட்டி.
மஞ்சளாய் ஓர் எச்சரிக்கை வந்தது.
அதற்கு மேலே ஒரு வரி எழுதினாள்:
எச்சரிக்காதே.
கம்பைலர் வாயை மூடிக்கொண்டது.
அதற்குக் கோபம் வராது என்பதுதான் கொடுமை.

ஓடத் தொடங்கிய பின் எந்தப் பெட்டிக்கும்
தான் யாருக்கானது என்ற நினைவில்லை.
கட்டி முடித்த சுவரிலிருந்து
சாரத்தைப் பிரிப்பதுபோல்
பெயரைப் பிரித்துவிடுகிறார்கள்.

எடை போடும் ஃபங்ஷனை எழுதியவன்
வேலையை விட்டு பெர்கன் போய் இரண்டு வருடம்.
போகுமுன் அதன் நடுவே
ஒரு நல்லெண்ணத்தை வைத்துவிட்டுப் போயிருந்தான்:
பெல்ட்டிலிருந்து தவறி வருவதை
பக்கத்துப் பெட்டியில் போடு, மீன்தானே.
போட்டது. ஒரு ஹெர்ரிங்.

வியாழன் அதிகாலை நாலே முக்கால்.
லேபிள் நிரல் பெட்டியிடம் காட் கேட்டது.
கையில் வந்தது காட் இல்லை.
அங்கேயே சரிந்தது எல்லாம்,
தப்பு நடந்த இடத்திலிருந்து நாற்பது கோப்பு தள்ளி,
ஒரு பாவமும் அறியாத வரியில்.

"உன் பெட்டிக்கு என்ன ஆச்சு?"
ஒட்வாரின் குரல் உறைந்த கையுறை மாதிரி இருந்தது.

கம்பளிக் காலுறையோடு சமையலறை மேசையில்
அந்த 'இல்லை'யை அவள் மறுபடி படித்தாள்.
மீன் பெட்டி கொடு என்று கேட்பவனுக்கு
எந்த மீனையும் அதில் போட உரிமை உண்டு.
அதனால்தான் இல்லை.

நல்லெண்ணத்தை அழித்தாள்.
அடைப்புகளைத் திரும்ப வைத்தாள், நடுவே ஒரு கேள்விக்குறி:
மீனோ, மீன் வழி வந்த எதுவோ;
எடுப்பேன், பார்ப்பேன், நிறுப்பேன்,
போட மாட்டேன்.
சிவப்பு நெளியவில்லை.
போட மாட்டேனென்று எழுதிக் கொடுத்தவளுக்கு
அது எல்லாப் பெட்டியையும் திறந்தது.

எட்டு மணிக்கும் விடியவில்லை.
படியிறங்கிப் போனாள்.
ஒட்வார் ஒன்றும் கேட்கவில்லை, மூடியைத் தூக்கினான்.
ஐஸுக்குள் வரிசையாய்த் தாடி வைத்த காட்,
மூலையில் மெலிசாய், வெள்ளியாய், அது.
வாலைப் பிடித்து அவனே எடுத்தான்.

குனிந்து பார்த்தாள், வெகுநேரம்.
கைகள் கோட்டுப் பைக்குள்ளேயே இருந்தன.